மூன்று நிபந்தனைகள்: காந்தியடிகளைப் படம் பிடித்த கனு காந்தியின் கதை

காந்தியடிகளின் படத்தைப் பார்க்காதவர் நம் நாட்டில் இல்லை. டெலிபோனைக் காதில் வைத்துக் கொண்டிருக்கும் காந்தி. ரயில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஹரிஜன நிதிக்குக் காசு கேட்கும் காந்தி. எடை பார்க்கும் யந்திரத்தின் மீது ஏறி நிற்கும் காந்தி. இறந்து போன மனைவி கஸ்தூரிபாயின் அருகே பேச்சற்று உட்கார்ந்திருக்கும் காந்தி.

இந்தப் படங்களை எடுத்தவர் ஒருவரே. அவர் பெயர் கனு காந்தி. படத்தில் இருப்பவரை உலகமே அறியும். எடுத்தவர் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது.

காந்தியடிகளின் குடும்பத்தில் இன்னொரு கனுவும் உண்டு. கடற்கரையில் காந்தியடிகளின் கைத்தடியின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொண்டு ஓடும் சிறுவனைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறுவன் காந்தியடிகளின் மகன் ராமதாசின் பிள்ளை. அவர் பெயரும் கனுதான். பிற்காலத்தில் அமெரிக்காவில் விஞ்ஞானியாக வேலை பார்த்து 2016-ல் காலமானார். இங்கே சொல்லப்படுவது காமிரா பிடித்த கனுவின் கதை.

டாக்டராக விரும்பியவர்

கனு 1917-ல் பிறந்தார். தந்தையின் பெயர் நாரண்தாஸ் காந்தி. நாரண்தாசின் தந்தை, காந்தியடிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். அந்த முறையில் கனு, காந்தியடிகளுக்குப் பேரன் ஆகவேண்டும்.

குடும்பம் முழுவதுமே காந்தியடிகளின் பின்னால் போன குடும்பம். நாரண்தாசின் அண்ணன் மகன்லால், தென்னாப்பிரிக்காவிலேயே காந்தியடிகளுடன் இருந்தவர். சத்தியாக்கிரகம் என்ற பெயர் உண்டாகக் காரணமாக இருந்தவர் அவரே. நாரண்தாஸ், சபர்மதி ஆசிரமத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக் கொண்டவர்.

கனுவுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. பெற்றோர் வேறு விதமாக நினைத்தார்கள். காந்தியடிகளுக்குப் பக்கத்தில் இருந்து பணி செய்வதே பெரிய படிப்பு என்பது அவர்கள் எண்ணம். பிள்ளையும் தட்டவில்லை.

வார்தாவுக்கு அருகே சேகாவ் என்று ஒரு சிறு கிராமம். 1936-ல் காந்தியடிகள் அங்கே குடியேறினார். பின்னர் அதற்குச் சேவாகிராமம் என்று பெயர் வந்தது. மண் சுவர், மூங்கில், ஓடு. அவ்வளவுதான் வீடு. கோடையில் அனல் பறக்கும் ஊர். அங்கே கனு, காந்தியடிகளின் ஊழியர்களில் ஒருவரானார். கடிதங்களைக் கவனித்தார். கணக்கு எழுதினார். பிரார்த்தனையில் பஜனை பாடினார். ராம்துன் பாடிக் கூட்டத்தையும் தம்மோடு பாட வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

பணம் இல்லை!

வினோபா பாவேயை எல்லோருக்கும் தெரியும். அவருடைய தம்பி சிவாஜி பாவே. அவர்தான் ஒரு நாள் கனுவிடம் அந்த யோசனையைச் சொன்னார். தினமும் காந்தியடிகளின் பக்கத்திலேயே இருக்கிறாய். அவருடைய வாழ்க்கையைப் படம் பிடித்து வைத்தால் என்ன என்று கேட்டார்.

கனு காந்தியடிகளிடம் போய்க் காமிரா வேண்டும் என்றார். வாங்கப் பணம் இல்லை என்று பதில் வந்தது.

ஆசிரமத்தில் ஒரு பென்சில் துண்டைக்கூட வீணாக்க விட மாட்டார் அவர். வந்த கடித உறைகளைப் பிரித்து, பின்பக்கத்தில் எழுதுவார். பொதுப் பணத்தில் காமிரா வாங்க அவர் எப்படிச் சம்மதிப்பார்? அதுவும் தம்மையே படம் பிடிப்பதற்கு!

தொழிலதிபர் கனசியாம்தாஸ் பிர்லா உதவிக்கு வந்தார். அவர் கொடுத்த ரூ.100-ஐக் கொண்டு கனு ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவும் பிலிம் சுருளும் வாங்கினார். கனுவுக்கு அப்போது வயது இருபதை ஒட்டியிருந்தது.

காந்தியடிகள் மூன்று நிபந்தனைகள் விதித்தார்.

பிளாஷ் விளக்கு போடக் கூடாது. படத்துக்காக இப்படி நில்லுங்கள், இங்கே பாருங்கள் என்று ஒருநாளும் கேட்கக் கூடாது. செலவுக்கு ஆசிரமத்திலிருந்து ஒரு காசும் கிடைக்காது.

போட்டோ பிடிக்கிறவர்கள் இந்த மூன்றையும் கேட்டால் தலையில் கை வைத்து விடுவார்கள். வெளிச்சம் இல்லை, ஆள் நிற்க மாட்டார், கையில் பணமும் இல்லை! கனு மூன்றுக்கும் ஒப்புக் கொண்டார்.

பன்னிரண்டே படம்

இந்த நிபந்தனைகளின் கஷ்டம் புரிய வேண்டுமானால், அந்தக் காமிராவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். இன்று கைபேசியில் நாள் முழுவதும் நூறு படம், இருநூறு படம் என்று எடுத்துத் தள்ளுகிறோம். அன்று அப்படி இல்லை.

ரோலிபிளெக்ஸ், ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் தயாரான காமிரா. 1929-ல் விற்பனைக்கு வந்தது. நின்ற வாக்கில் ஒரு சின்னப் பெட்டி. முன்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண்கள். மேல் கண், படம் பிடிக்கிறவர் பார்ப்பதற்கு. கீழ்க் கண், பிலிம் பார்ப்பதற்கு.

மேல் கண் வழியாக வரும் உருவம், உள்ளே சாய்வாக வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள தேய்த்த கண்ணாடியில் விழும். பெட்டியின் மூடியைத் திறந்து, கழுத்திலிருந்து தொங்கும் காமிராவை வயிற்றோடு வைத்துக் கொண்டு, குனிந்து அதைப் பார்க்க வேண்டும். கிணற்றை எட்டிப் பார்ப்பது போலத்தான்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. உருவம் நேராகத் தெரியும். ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். எளாவூர்ப் பக்கத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் இந்தக் காமிராவுடன் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு படகு இடமிருந்து வலமாகப் போகிறது. கண்ணாடியிலோ அது வலமிருந்து இடமாகப் போகும். படகைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பப் புதியவர் முயன்றால், எதிர்ப் பக்கம் திருப்பிப் படகைக் கோட்டை விடுவார். பழக வேண்டும். காந்தியடிகளோ வேகமாக நடக்கிறவர். கூட வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும். அவரை இந்தக் கண்ணாடியில் பிடித்து நிறுத்துவது லேசான காரியமா?

பிலிமைப் போடுவதும் ஒரு வித்தை. அந்தக் காமிராவுக்கு 120 என்ற எண்ணுள்ள பிலிம். 1901-ல் அமெரிக்காவின் கோடக் கம்பெனி கொண்டு வந்த அளவு அது. பிலிமின் அகலம் சுமார் 6 செண்டி மீட்டர். பிலிமின் முதுகோடு ஒரு நீண்ட காகிதம் சேர்ந்திருக்கும். பிலிமைவிடக் காகிதம் இரு பக்கமும் நீளம் அதிகம். அதனால் சுருளைச் சுற்றி எப்போதும் காகிதமே வெளியே இருக்கும். பிலிம் உள்ளே இருட்டில் பத்திரமாக இருக்கும். இருட்டறை இல்லாமலே பிலிம் மாற்ற முடிந்தது இந்தக் காகிதத்தின் உபகாரம்.

அதற்காக வெயிலில் நின்று மாற்றிவிட முடியாது. மர நிழலுக்குப் போக வேண்டும். நிழல் இல்லாவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டித் தம் நிழலிலேயே செய்ய வேண்டும். முந்திய பிலிம் தீர்ந்த காலிச் சுருளையைத் தூக்கி எறியக் கூடாது. அதை எடுத்து எதிர்ப் பக்கத்தில் மாட்டினால்தான் புதிய பிலிமைச் சுற்றிக் கொள்ள இடம் இருக்கும். புதிய சுருளின் ஒட்டுக் காகிதத்தைக் கிழித்து, காகிதத்தின் கூரிய முனையைக் காலிச் சுருளையின் பிளவில் நுழைத்து, கோணாமல் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கோணலாகப் போனால் ஓரத்தில் வெளிச்சம் புகுந்து படம் வெளுத்து விடும். சுருள் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டால் அதோடு அந்தப் பிலிம் போயிற்று.

அம்புக்குறி வந்ததும் முதுகுக் கதவை மூடி, முதல் படத்துக்குச் சுற்றிக் கொள்ள வேண்டும். ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். ஒவ்வொன்றும் சதுரம்; இரண்டேகால் அங்குலத்துக்கு இரண்டேகால் அங்குலம். பன்னிரண்டும் எடுத்தானதும் மிச்சக் காகிதத்தையும் சுற்றி முடித்து, வெளியே எடுத்து, சுருள் தளராமல் பிடித்துக் கொண்டு, முனையில் உள்ள பசையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் ஓரிரு நிமிஷம் ஆகும். பன்னிரண்டாவது படம் எடுத்த மறு வினாடி அருமையான காட்சி ஒன்று எதிரே வந்து நின்றால், அது போனதுதான். கனு காந்தியடிகளிடம் ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்ல முடியாது. இரண்டாவது நிபந்தனை குறுக்கே நிற்கிறதே!

கதவு வழியே வந்த வெளிச்சம்

முதல் நிபந்தனை இன்னும் கடினம். அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். வெட்ட வெளியில் பிரச்னை இல்லை. மண் குடிசைக்குள்தான் தொல்லை. சேவாகிராமத்தில் காந்தியடிகளின் வேலை பெரும்பாலும் குடிசைக்குள்தான். தரையில் பாய், முன்னால் சாய்வு மேஜை, சுற்றிலும் ஆட்கள்.

விடியற்காலையில் ஏரியில் வலை வீசுகிறவர்களைப் படம் பிடிக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, காமிராவுக்குப் போதவில்லை. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அதிக நேரம் என்றால் வினாடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் கை ஆடினால் எல்லாம் ஆடிப் போகும். மூச்சைப் பிடித்துக் கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் தாமாக அசையாமல் இருக்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

கனுவின் படங்களைப் பார்த்தால் இந்தக் காத்திருத்தல் தெரிகிறது. காந்தியடிகள் படிக்கிறார், எழுதுகிறார், யோசிக்கிறார். வெளிச்சம் கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ ஒரு பக்கமாக வருகிறது. மறுபக்கம் இருட்டு. பல படங்களில் காந்தியடிகளின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. அவர் காமிராவைப் பார்ப்பதே இல்லை. வீட்டில் தாத்தா தம் வேலையைப் பார்க்கும்போது பேரன் ஒரு மூலையில் நின்று பார்ப்பது போல் இருக்கின்றன அந்தப் படங்கள். பார்த்தவரும் பேரன்தானே!

காமிராவும் அதற்கு ஒத்துழைத்தது. அது முகத்துக்கு நேராக வருவதில்லை. எடுக்கிறவர் தலை குனிந்து நிற்கிறார். ஷட்டர் சத்தமும் மெல்லிய டிக் என்ற சத்தம்தான். எதிரே இருப்பவர் படம் எடுக்கப்படுவதை மறந்தே விடுவார்.

பிளாஷ் போடாததால் நேர்ந்த லாபத்தை அறிய இன்னொருவர் கதையைப் பார்க்கலாம். 1946-ல் அமெரிக்காவின் லைப் பத்திரிகைக்காக மார்கரெட் பூர்க்-வைட் என்ற பெண்மணி காந்தியடிகளைப் படம் எடுக்க வந்தார். உலகப் புகழ் பெற்ற போட்டோக்காரர். முதலில் ராட்டையில் நூற்கக் கற்றுக் கொண்டு வரும்படி அவரிடம் சொல்லப்பட்டது. கற்றுக் கொண்டு வந்தார். பிளாஷ் பல்பு மூன்றே மூன்று போட அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவதுதான் கை கொடுத்தது. ராட்டைக்குப் பின்னால் காந்தியடிகள் அமர்ந்து படிக்கும் படத்தை உலகத்துக்குத் தந்தவர் அவரே.

அந்தப் பெண்மணிக்குக் கிடைத்தவை மூன்று மின்னல்கள். கனுவுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் பத்து வருஷம் கிடைத்தது.

தமிழரும் ஒருவர் அதே காலத்தில் காந்தியடிகளைத் தேடி அலைந்தார். கோட்டையூர் ஏ.கே.செட்டியார். உலகமெல்லாம் சுற்றி, காந்தியடிகள் சம்பந்தப்பட்ட சினிமாப் பிலிம் துண்டுகளைச் சேகரித்து, மகாத்மா காந்தி என்ற படத்தை 1940-ல் வெளியிட்டார். செட்டியார் தேடியது ஊர் ஊராக. கனு தேடியது ஒரே வீட்டுக்குள்.

செலவுக்கு என்ன செய்வது?

மூன்றாவது நிபந்தனையைக் கனு எப்படிச் சமாளித்தார்? எடுத்த படங்களைப் பத்திரிகைகளுக்கு விற்றார். காந்தியடிகள் என்ன செய்கிறார் என்று அறிய நாடே துடித்த காலம். கல்கத்தாவின் அமிர்த பஜார் பத்திரிகா மாதம் ரூ.100 கொடுத்துப் படங்களை வாங்கிக் கொண்டது. பிலிமுக்கும் மருந்துக்கும் வழி பிறந்தது.

1939-ல் உலகப் போர் மூண்டது. பிலிம் அன்று இந்தியாவில் தயாராகவில்லை. எல்லாம் கப்பலில் வர வேண்டும். போர்க் காலத்தில் பிலிம் பஞ்சம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைச் சினிமா உலகத்தார் மறக்க மாட்டார்கள். படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்ட காலம் அது. (ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை வந்து பிலிம் தயாரித்தது 1967-ல்தான். இந்து என்ற பெயரில் அதன் பிலிம் ஊர்தோறும் ஸ்டூடியோக்களில் ஓடியது. பின்னர் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது.)

வெயிலும் ஒரு விரோதி. பிலிமின் மேல் உள்ள மருந்துப் பூச்சு, பசை போன்ற ஒரு பொருளில் கலந்து பூசப்படுகிறது. கழுவும் தண்ணீர் சூடாக இருந்தால் அது இளகி உரிந்து விடும். வார்தா போன்ற ஊரில் கோடை காலத்தில் பிலிம் கழுவுகிறவர்கள் இரவு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் நடுவில் கனு எடுத்த படங்கள் எத்தனை விதம்! 1940-ல் காந்தியடிகள் சாந்திநிகேதனம் போனார். தாகூரும் அவரும் சேர்ந்து இருக்கும் படங்களைக் கனு எடுத்தார். தாகூர் அடுத்த ஆண்டே மறைந்து விட்டார். சேவாகிராமத்தில் தொழுநோய்க்கு ஆளான பர்ச்சூரே சாஸ்திரி என்ற சமஸ்கிருதப் பண்டிதர் இருந்தார். தொழுநோய் என்றால் ஊரே விலகி ஓடிய நாளில், காந்தியடிகள் தம் கையாலேயே அவருக்குப் பணிவிடை செய்தார். அதையும் கனு படம் பிடித்தார். காலில் விழுந்து கும்பிடும் கூட்டத்தைவிட அந்த ஒரு படம் அதிகம் சொல்லுகிறது.

1945-ம் ஆண்டின் இறுதியில் வங்காளத்தில் தொடங்கி, அஸ்ஸாம், பிறகு தென்னிந்தியா என்று நீண்ட ரயில் பயணம். 1946 ஜனவரியில் காந்தியடிகள் சென்னை வந்தார். தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபையின் வெள்ளிவிழா. பிறகு மதுரைக்கும் பழனிக்கும் போனார். கனு எடுத்த ரயில் ஜன்னல் படம் அந்த நீண்ட பயணத்தைச் சேர்ந்ததுதான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஜனங்கள் வந்து நின்றார்கள். காந்தியடிகள் ஜன்னல் வழியே கையை நீட்டினார். செம்புக் காசும் விழுந்தது, வளையலும் விழுந்தது.

எடுக்காத படம்

1942-ல் காந்தியடிகளைப் பிடித்துப் பூனாவில் ஆகாகான் மாளிகையில் சிறை வைத்தார்கள். கஸ்தூரிபாயும் உடன் இருந்தார். போன சில நாட்களிலேயே காரியதரிசி மகாதேவ தேசாய் அங்கே இறந்து போனார். 1944 தொடக்கத்தில் கஸ்தூரிபாய் படுத்த படுக்கையானார். பணிவிடைக்குக் கனுவை உள்ளே விடச் சர்க்கார் சம்மதித்தது. கனு பாட்டியின் பக்கத்தில் இருந்து கவனித்துக் கொண்டார்; பஜனை பாடினார்.

பிப்ரவரி 22-ந் தேதி. சிவராத்திரி நாள். கஸ்தூரிபாயின் தலை காந்தியடிகளின் மடியில் இருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த தம்பதி. உயிர் பிரியும் நேரம். கனுவிடம் காமிரா இருந்தது. அப்போது படம் எடுக்கக் காந்தியடிகள் சம்மதிக்கவில்லை. கனு எடுக்கவில்லை.

எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கும் உரிமை கனுவுக்கு இருந்தது. அந்த உரிமைக்கு அபூர்வமாக விழுந்த தடைகளில் ஒன்று இது. உயிர் போன பிறகு, வெள்ளைத் துணி போர்த்திய உடலின் அருகே காந்தியடிகள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் படத்தை மட்டும் எடுத்தார். எடுக்காத படம் என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்தப் படமே சொல்லி விடுகிறது.

அதே ஆண்டில் கனுவுக்குத் திருமணம் ஆயிற்று. மணமகள் ஆபா என்ற வங்காளப் பெண். சிறு வயதிலேயே ஆசிரமத்துக்கு வந்தவர். காந்தியடிகள் ஒரு பெண்ணின் தோளில் கை வைத்து நடக்கும் பல படங்களில் இருப்பவர் இந்த ஆபாதான்.

நவகாளி

1946 அக்டோபரில் கிழக்கு வங்காளத்தில் நவகாளி ஜில்லாவில் பயங்கரமான வகுப்புக் கலவரம் நடந்தது. இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது. நவம்பரில் காந்தியடிகள் அங்கே போனார். எழுபத்தேழு வயது. வாய்க்கால்களும் சதுப்பும் நிறைந்த பூமி. ஒற்றை மூங்கில் பாலங்கள். வெறுங்காலோடு கிராமம் கிராமமாக நடந்தார்.

கூட வந்த ஊழியர்களை அவர் தம்மோடு வைத்துக் கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு கிராமத்துக்குத் தனியே அனுப்பினார். பயந்து போன ஜனங்களோடு அங்கேயே தங்கித் தைரியம் கொடுக்க வேண்டும். கணவன் மனைவி என்றும் பார்க்கவில்லை. கனு ஒரு கிராமத்துக்கும் ஆபா வேறு ஒரு கிராமத்துக்கும் போனார்கள்.

கனுவுக்கு இங்கேதான் காமிரா இரண்டாம் பட்சமாயிற்று. காந்தியடிகளின் நவகாளி யாத்திரைப் படங்களில் சில அவர் எடுத்தவை. ஆனால் அவர் அங்கே போனது படம் எடுக்க அல்ல. 1947 மார்ச்சில் காந்தியடிகள் பீகாருக்குப் புறப்பட்டார். அங்கேயும் கலவரம். கனு நவகாளியிலேயே இருந்தார். இருக்கச் சொன்னது காந்தியடிகள். நாடு பிரிந்தது. நவகாளி பாகிஸ்தானுக்குப் போயிற்று. கனு அப்போதும் அங்கேதான்.

பத்து வருஷம் பக்கத்திலேயே இருந்த காமிரா இப்போது வெகு தூரத்தில் இருந்தது.

1948 ஜனவரி 30. மாலை. டில்லியில் பிர்லா மாளிகை. காந்தியடிகள் ஒரு கையை ஆபாவின் தோளிலும் மறு கையை மனுவின் தோளிலும் வைத்துக் கொண்டு பிரார்த்தனைக்கு வேகமாக நடந்தார். சில நிமிஷம் தாமதமாகி விட்டது. எதிரே வந்தவன் மனுவைத் தள்ளினான். மூன்று குண்டுகள். காந்தியடிகள் ஆபாவும் மனுவும் பிடித்துக் கொண்டிருக்கும்போதே சாய்ந்தார்.

அன்று டில்லியில் பெரிய போட்டோக்காரர்கள் பலர் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸான் அன்று பிற்பகல்தான் காந்தியடிகளைச் சந்தித்து விட்டுப் போயிருந்தார். பூர்க்-வைட்டும் அதே நாளில் பேட்டி கண்டிருந்தார். சேதி கேட்டு இருவரும் ஓடி வந்தார்கள். இறுதி ஊர்வலத்தின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன.

கனு ஏறத்தாழ 1,500 கிலோ மீட்டருக்கு அப்பால், காந்தியடிகள் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தார். மனைவியின் தோளில் கை வைத்துக் கொண்டிருந்தபோதே பாபு விழுந்தார் என்ற செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது.

ராஜ்கோட்டில்

அதன் பிறகு கனு தம் படங்களைக் காட்டிப் பேரும் பணமும் தேடிக் கொள்ளவில்லை. அது அந்தக் குடும்பத்து வழக்கமும் அல்ல. ராஜ்கோட் பக்கம் வந்து சேர்ந்தார். தந்தை நாரண்தாஸ் அங்கே ராஷ்டிரீய சாலை என்ற தேசியப் பள்ளியை நடத்தி வந்தார். கனுவும் ஆபாவும் கதர், கிராமப் பணி என்று காலம் கழித்தார்கள். ராஜ்கோட்டுக்கு அருகில் த்ரம்பா என்ற கிராமத்தில் கஸ்தூரிபாதாம் என்ற ஸ்தாபனம் இருக்கிறது. 1939-ல் ராஜ்கோட் சத்தியாக்கிரகத்தின்போது கஸ்தூரிபாயைக் காவலில் வைத்த ஊர் அதுதான். தம்பதி அங்கேயும் பணி செய்தார்கள்.

படங்கள் மட்டும் தாமாகவே சுற்றிக் கொண்டிருந்தன. பத்திரிகையில், காலண்டரில், புத்தக அட்டையில். எடுத்தவர் பெயர் பெரும்பாலும் விட்டுப் போயிற்று. படத்தில் அவர் எதையும் ஜோடித்து வைக்காததால், யாரோ எடுத்தது என்றுகூடத் தோன்றுவதில்லை. தானாக நடந்தது போல் இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் தெரியாமல் எடுத்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே இதைச் சொல்ல வேண்டும்!

கனு 1986-ல் மாரடைப்பால் காலமானார். அறுபத்தொன்பதை எட்டுகிற வயது. ஆபா 1995-ல் மறைந்தார்.

2015-ல் டில்லியைச் சேர்ந்த நாசர் பவுண்டேஷன் என்ற அமைப்பு, அவருடைய படங்களைத் தொகுத்துக் கனுவின் காந்தி என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலப் புத்தகமாக வெளியிட்டது. அதன் பிறகு வடக்கே சில ஊர்களில் கண்காட்சிகள் நடந்தன. சதுரப் படங்கள் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்பட்டன. இரண்டேகால் அங்குல நெகடிவ் ஆனதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிகிறது: கதர்த் துணியின் இழை, மண் சுவரின் கீறல், இடுப்பில் தொங்கும் கடிகாரத்தின் சங்கிலி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையின் ரேகை.